கூரையில் இரண்டு தட்டு

பாஸ்ஸு லாரியின் பின்புற ஏணியில் இடது காலை வைத்துவிட்டான். வலது கால் இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது.

ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும் இடம் அது. அட்லஸ் மலையில் லாரி பிடிக்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் ஒதுங்கி நிற்பார்கள். டிரைவரிடம் கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. ஓடி, ஏணியைப் பிடித்து, மூட்டைகளின் மேல் ஏறிக்கொள்ள வேண்டியது. மெதுவாகப் போகச் சொல்ல டிரைவர் தலைக்கு மேலே கூரையில் ஒரு தட்டு. நிறுத்தச் சொல்ல இரண்டு தட்டு. அந்தச் சாலையில் லாரி ஓட ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் சட்டம்.

வலது காலும் ஏணிக்கு வந்தது. பாஸ்ஸு பார்லி மூட்டைகளின் மேல் குப்புற விழுந்தான். பனிக்காற்று காதை அறுத்தது. அங்கியின் தொப்பியை இழுத்து மூடுவதற்குள் லாரி குலுங்கி நின்றது.

கீழே கதவு திறந்து அறைந்து மூடியது. கையில் இரும்புக் கம்பியோடு ஓர் ஆள் வந்து நின்றான். ஐம்பது வயது இருக்கும். மீசையில் பனி ஒட்டியிருந்தது.

"இறங்குடா."

"அண்ணே, கணவாய் தாண்டி விட்டுடுங்க. ஓரமா உக்காந்துக்கறேன். மூட்டையில கை வைக்கமாட்டேன்."

"மூட்டைய நீ தின்னுட்டே போ, எனக்கென்ன. மேல ஆள் கூடாது."

"எல்லா லாரியிலயும் மேலதானே அண்ணே..."

"அப்ப எல்லா லாரியிலயும் போ. என் லாரின்னா உள்ள வா."

உள்ளே கூப்பிடுகிற டிரைவரை பாஸ்ஸு அன்றுதான் பார்த்தான். இறங்கி வந்து ஏறினான். டிரைவர் வெளியிலிருந்து கதவைச் சாத்தி, மெல்லிய கட்டுக்கம்பியால் இரண்டு சுற்று சுற்றிக் கட்டினான். உள்பக்கம் கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஓட்டைதான் இருந்தது. கண்ணாடியை இறக்கும் பிடியும் இல்லை.

"கதவு உள்ளேர்ந்து தொறக்காதா அண்ணே?"

"தொறக்காது."

"ஏன்?"

"தொறந்தா ஆள் விழுவான்." டிரைவர் கியரைப் போட்டான். "என் பேரு இஷ்ஷோ. உன் பேரை நீ சொல்லவேண்டாம். தூங்கறதுன்னா தூங்கு."

பாஸ்ஸுவுக்குத் தூக்கம் எங்கே வரும். கைக்கடிகாரத்தில் ஏழு பத்து. வெள்ளிக்கிழமை. நண்பகல் தொழுகைக்கு அழைப்பு கேட்கும் முன்னால் அவன் சீதி யாக்கூப் தர்காவின் வாசலில் நிற்கவேண்டும். அங்கே ஒன்பது பேர் அவனுக்காகக் காத்திருந்தார்கள். அவன் பத்தாவது ஆள்.

மலையில் வழக்கு இப்படித்தான் தீரும். குற்றம் சாட்டப்பட்டவனும் அவன் ரத்த உறவில் ஒன்பது ஆண்களும் தர்காவின் மரத்தூணில் கை வைத்துச் சத்தியம் செய்யவேண்டும். பத்துப் பேரும் வந்து சொன்னால் வழக்கு முடிந்தது. ஒருவன் வராவிட்டாலும், நாக்கு தடுமாறினாலும் சத்தியம் உடைந்தது. பெயர்களை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். மாற்றாள் கிடையாது.

குற்றம் சாட்டப்பட்டவன் பாஸ்ஸுவின் அண்ணன் ஹத்தூ. இறந்தவன் எதிர்ச்சரிவைச் சேர்ந்த மிமூன். இலையுதிர் காலத்தின் முதல் பனி விழுந்த மறுநாள், கணவாய்க்குக் கீழே உள்ள ஓடையில் மிமூனின் உடல் கிடந்தது. அவன் தலையையும் முகத்தையும் மூடிக் கிடந்தது ஹத்தூவின் தலைப்பாகைத் துணி. இருவரும் இரண்டு நாள் முன்புதான் வாய்க்கால் தண்ணீருக்காக ஊர் பார்க்கச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். போலீஸ்காரர்கள் கால் தவறி விழுந்தான் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மிமூனின் ஆட்கள் விடவில்லை. சத்தியம் கேட்டார்கள். உடைந்தால் ஹத்தூ மனைவி மக்களோடு ஊரைவிட்டுப் போகவேண்டும். வீட்டு வாசலைக் கல் வைத்து அடைத்துவிடுவார்கள்.

புதன்கிழமையே கிளம்பியிருக்க வேண்டியவன் பாஸ்ஸு. வேலை பார்க்கும் சுரங்கத்தில் லீவு கிடைக்கவில்லை என்று அவனே அவனுக்குச் சொல்லிக்கொண்டான். லீவு கிடைத்திருந்தது. வியாழக்கிழமை பஸ் கண்ணெதிரே போனது. எழுந்து கை காட்டவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தது. அதற்குப் பிறகுதான் ஓடிவந்தான்.

கணவாய்க்குப் போகும் வழியில் பனித்தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. காவல்காரன் கரி அடுப்பை ஒட்டி உட்கார்ந்தபடி எழுந்திருக்காமலேயே கத்தினான்.

"இஷ்ஷோ, வண்டிக்கு றெக்கை முளைச்சிருந்தா சொல்லு, கட்டையைத் தூக்கறேன்."

"மேல எவ்வளவு?"

"இடுப்பளவு. நேத்து ராத்திரி போன ரெண்டு லாரியும் அங்கேயே குடித்தனம் பண்ணுது. திரும்பிப் போய் பொண்டாட்டி கையால சூப்பு குடி."

"அவ சூப்புக்கு இந்தப் பனி எவ்வளவோ தேவலை."

காவல்காரன் சிரித்தான். இஷ்ஷோ சிரிக்கவில்லை. வண்டியைத் திருப்பினான். பாஸ்ஸுவின் தோள்கள் தானாகத் தளர்ந்தன. முடிந்தது. வழி அடைத்துவிட்டது. அவன் குற்றம் இல்லை. யார் கேட்டாலும் பனி என்று சொல்லலாம்.

ஒரு கிலோமீட்டர் வந்ததும் இஷ்ஷோ சட்டென்று வலது பக்கம் ஒடித்தான். தேவதாரு மரங்களுக்கு நடுவே, கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்துக்குப் போகும் பழைய பாதை. லாரிக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வானம்.

"இது எங்க போகுது அண்ணே?"

"மேல போகுது. கணவாய்க்குப் பின்னால ஏறி விழும்."

"இந்தப் பனியில யாராவது இதுல போவாங்களா?"

"போகமாட்டாங்க. பன்னெண்டு மணிக்குள்ள உன்னைத் தர்காவுல விடணும்னா வேற வழி இல்லை."

பாஸ்ஸு திரும்பிப் பார்த்தான். தர்கா என்று அவன் வாயைத் திறக்கவே இல்லை.

"நான் தர்காவுக்குப் போறேன்னு யார் சொன்னா?"

"ஹத்தூவோட தம்பிதானே நீ. அதே மூக்கு. பத்தாவது ஆள் சுரங்கத்துலேர்ந்து வரணும்னு மலை முழுக்கப் பேச்சு."

அப்போதுதான் பாஸ்ஸு இஷ்ஷோவின் தலைப்பாகையை ஒழுங்காகப் பார்த்தான். துணியின் நுனி இடது தோளில் தொங்கியது. எதிர்ச்சரிவுக்காரர்கள் கட்டும் கட்டு. மிமூனின் ஆட்கள் கட்டும் கட்டு.

கைப்பிடி இல்லாத கதவு. கம்பிக் கட்டு. ஆள் போகாத பாதை. கணக்கு அவனுக்கு இப்போது சரியாக வந்தது. அடிக்கவேண்டாம், கொல்லவேண்டாம். நண்பகல் வரை இங்கே அடைத்து வைத்தால் போதும். பத்தாவது ஆள் வரவில்லை, சத்தியம் உடைந்தது, அவ்வளவுதான்.

"இறங்கிக்கறேன் அண்ணே. நடந்தே போயிடுவேன்."

"ஓநாய்க்குச் சாப்பாடு போடறதுன்னா சொல்லு."

"நிறுத்துங்கன்னேன்."

"சத்தம் போடாதே. சரிவு."

பாஸ்ஸு கதவில் தோளை மோதினான். தகரம் முனகியது. கம்பி விடவில்லை. வண்டி ஒரு வளைவைத் தொட்டது. மேலே பாறை விளிம்பிலிருந்து பனிக்கட்டி உடைந்து விழுந்தது. தலைக்கு மேல் கூரையில் தொம் என்று ஒரு சத்தம். உடனே இன்னொன்று.

இஷ்ஷோ இரண்டு கால்களாலும் பிரேக்கின் மேல் ஏறி நின்றான்.

லாரி நிற்கவில்லை. பின்பக்கம் மெல்ல, ரொம்ப மெல்ல, சறுக்கிச் சுழன்றது. பாஸ்ஸுவின் பக்கக் கண்ணாடியில் பள்ளத்தாக்கு வந்தது, போனது, மறுபடி வந்து நின்றது. பின் சக்கரங்கள் ஓரத்துப் பனிக்குவியலில் புதைந்தன. என்ஜின் செத்தது.

இஷ்ஷோ ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்திருந்தான். உதடு மட்டும் அசைந்தது.

"நிறுத்திட்டேன். நிறுத்திட்டேன்."

"வேணும்னுதான் நிறுத்தினே," என்றான் பாஸ்ஸு. மரியாதை போயிருந்தது. சீட்டுக்கு அடியில் கிடந்த இரும்புக் கம்பி அவன் கைக்கு வந்திருந்தது. "கதவைத் தொற. இல்லேன்னா மண்டையைத் தொறப்பேன்."

இஷ்ஷோ திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. ரத்தம் வற்றிய வெள்ளை.

"கம்பி எதுக்கு? என் பக்கக் கதவு தொறந்துதான் இருக்கு. வா. மண்வெட்டி பின்னால இருக்கு. மணி என்ன?"

"ஒன்பதரை."

"அப்ப அடிக்கறதுன்னா தோண்டிட்டு அடி."

வெளியே நின்ற குளிர் பல்லைப் பிடுங்கியது. முன்னும் பின்னும் வெள்ளை. வந்த தடத்தைக்கூட காற்று துடைத்துக்கொண்டிருந்தது. நடந்து போகலாம் என்று சொன்னது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று பாஸ்ஸுவுக்கு உறைத்தது. இந்த ஆளை விட்டால் சாவு. இந்த ஆளோடு இருந்தால் சிறை.

மண்வெட்டி ஒன்றுதான். மாற்றி மாற்றித் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மேலிருந்து சரிந்தது. ஒரு மணி நேரம் போனது. சக்கரம் சுழன்றதே தவிர பிடிக்கவில்லை. இஷ்ஷோ ஏணியில் ஏறினான். மேலிருந்து ஒரு பார்லி மூட்டை தொப்பென்று விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. கத்தியால் இரண்டின் வயிற்றையும் கிழித்து, தானியத்தை அப்படியே சக்கரத் தடத்தில் கொட்டினான்.

"இது யாரோட பார்லி?"

"என்னோடதுதான். குளிர்காலச் சோறு."

மூன்றாவது மூட்டையும் கிழிந்தது. கடத்தி வைத்திருப்பவன் தன் சோற்றைக் கொட்டிப் பாதை போடுவானா? பாஸ்ஸு மண்வெட்டியை ஊன்றி நின்றான். எதிரி என்று நினைத்த வரைக்கும் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. இப்போது அதுவும் போனது. இந்தக் கிழவன் நிஜமாகவே அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடப் போகிறான்.

"போதும் அண்ணே."

"என்ன போதும்? இன்னும் ரெண்டு மூட்டை கொட்டினா ஏறிடும்."

"ஏறவேண்டாம்." பாஸ்ஸு பனியில் உட்கார்ந்துவிட்டான். "மணி பன்னெண்டு ஆகட்டும். இங்கேயே இருப்போம். பனியில மாட்டிக்கிட்டேன்னு சொல்லிக்கறேன்."

இஷ்ஷோ கத்தியை மடக்கினான். பக்கத்தில் வந்து குந்தினான். அங்கிக்குள்ளிருந்து அரை ரொட்டியை எடுத்துப் பிய்த்து நீட்டினான். ரொட்டியை வாங்கியதும் பாஸ்ஸுவுக்கு வாய் திறந்தது.

"பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்றாங்க அண்ணே. எங்க பெரியப்பா ஒருத்தர் அந்தத் தூணைத் தொட்டு ஒரு ஆட்டுக்காகப் பொய் சொன்னார். அடுத்த அறுவடைய அவர் கண்ணால பார்க்கலை. ரெண்டு கண்ணும் போச்சு. நான் தொட்டா எனக்குப் போகும். தொடலேன்னா அண்ணன் புள்ளைங்க தெருவுல நிக்கும்."

"பொய்னு உனக்கு எப்படித் தெரியும்? அவன் சொன்னானா?"

"அவன் வாயே தொறக்கலை. சண்டை போட்டவன் சொல்றதை எவன் நம்புவான்ங்கறான். தலைப்பாகை எப்படி அங்க போச்சுன்னு கேட்டா, காத்து அடிச்சிட்டுப் போயிடுச்சுங்கறான். காத்து சரியா செத்தவன் முகத்துல கொண்டுபோய்ப் போடுமா?" பாஸ்ஸு குரலைத் தாழ்த்தினான், கேட்க அங்கே யாரும் இல்லாவிட்டாலும். "அண்ணி இட்டோ எங்கிட்ட மட்டும் சொன்னா. அன்னிக்கு இருட்டினப்புறம்தான் வீட்டுக்கு வந்தானாம். அங்கியெல்லாம் ரத்தம். அவதான் துவைச்சா. மூணு தண்ணி மாத்தினாளாம்."

இஷ்ஷோவின் கையில் ரொட்டி அப்படியே நின்றது.

"ரத்தம் எங்க இருந்தது? முன்னாலயா?"

"எங்க இருந்தா என்ன அண்ணே?"

"எங்க இருந்ததுன்னு கேட்டேன்."

"பின்னால. முதுகு முழுக்க. கழுத்துப் பக்கம் அதிகம்னா."

இஷ்ஷோ எழுந்தான். பிறகு ஏணியில் ஏறி, மிச்சமிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ள ஆரம்பித்தான். நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. பைத்தியம் பிடித்தவன் மாதிரி கிழித்துக் கொட்டினான். பனி மறைந்து தரை பழுப்பாயிற்று.

"ஏறு."

"அண்ணே, நான்தான் சொன்னேனே..."

"ஏறுடா. கண்ணு போனா என் கண்ணு போகட்டும்."

சக்கரம் தானியத்தை அரைத்தது, திணறியது, பிடித்தது. லாரி ஒரு மாட்டின் முக்கலோடு பள்ளத்திலிருந்து வெளியே வந்தது. அப்போது மணி பதினொன்று பத்து.

கணவாயின் பின்புறம் ஏறினார்கள், இறங்கினார்கள். வளைவுக்கு வளைவு பாஸ்ஸு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்புக்காவது குச்சி நடுவில் கொஞ்சம் குளிர்ச்சி இருக்கும். இங்கே இரண்டு பக்கமும் எரிந்தது. நடுவில் கைப்பிடி இல்லாத ஒரு கதவு.

பதினொன்று ஐம்பதுக்குத் தர்கா தெரிந்தது. சரிவில் வெள்ளைக் குமிழ் மாதிரி ஒரு கட்டடம். சுற்றுச்சுவரின் மேல் இடது ஓரத்தில் ஒன்பது அங்கிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கடைசியில், மற்றவர்களைவிட ஒரு முழம் தள்ளி, ஹத்தூ. வலது ஓரத்தில் மிமூனின் ஆட்கள் நின்றிருந்தார்கள். நாற்பது பேராவது இருக்கும். லாரிச் சத்தம் கேட்டு எல்லாத் தலைகளும் திரும்பின.

நூறு அடி முன்னாலேயே இஷ்ஷோ வண்டியை நிறுத்தினான். என்ஜினையும் அணைத்தான்.

"கதவைத் தொறங்க அண்ணே. வந்தாச்சு. இனி என் தலையெழுத்து."

இஷ்ஷோ தர்காவைப் பார்த்தபடியே கேட்டான்.

"மிமூன் எங்கேர்ந்து விழுந்தான்னு யாராவது கேட்டாங்களா?"

"பாறையிலேர்ந்துன்னாங்க."

இஷ்ஷோ கையை உயர்த்தினான். விரல் முட்டியால் தலைக்கு மேலே கூரையைத் தட்டினான். இரண்டு தட்டு.

"இங்கேர்ந்து."

பாஸ்ஸுவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான்.

"சந்தை முடிஞ்சு வர்றப்ப ஏத்தத்துல ஏறினான், நீ ஏறின மாதிரியே. முதல் பனி. பொழுது சாயற நேரம். பெரிய வளைவுல ரெண்டு தட்டு தட்டினான். குளிர் தாங்கலை, உள்ள வரணுங்கறான்னு நெனச்சேன். சரிவுல பிரேக் போட்டா சறுக்கும், மேல போய் நிறுத்திக்கலாம்னு விட்டேன். மறுபடி ரெண்டு தட்டு. இரு ராசா, உன் ஒருத்தனுக்குத்தான் குளிருதான்னு நான் உள்ளேர்ந்து கத்தினேன். அப்புறம் தட்டலை. கணவாய் டீக்கடையில ஏறிப் பார்த்தா மூட்டைக் கயிறு அவுந்து கெடக்குது. கயிறு அவுருதுன்னுதான் தட்டியிருக்கான்."

பாஸ்ஸுவின் கண்கள் தானாக நிறைந்தன. சுவரின் மேல் தனியாக உட்கார்ந்திருந்த உருவம் கலங்கித் தெரிந்தது. அவன் கொல்லவில்லை. தூணில் கை வைக்கலாம். கண் போகாது.

"இத்தனை மாசம் வாயை மூடிட்டு இருந்தியே," என்றான்.

"இருந்தேன். பத்துப் பேரும் சத்தியம் பண்ணிட்டா உங்க அண்ணனும் தப்பிப்பான், நானும் தப்பிப்பேன்னு இருந்தேன். பத்தாவது ஆள் வரலைன்னு நேத்து சந்தையில பேசிக்கிட்டாங்க. அதான் விடியறதுக்கு முன்னாடியே ரோட்டுல உன்னைத் தேடி வந்தேன்."

தர்காவின் பக்கத்துப் பள்ளிவாசலில் யாரோ தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் சத்தம் காற்றில் வந்தது. அழைப்பு தொடங்கப்போகிறது. பாஸ்ஸு கதவை நோக்கித் திரும்பினான். திரும்பியவன் நின்றான்.

"அப்ப அந்த ரத்தம்?"

இஷ்ஷோ இறங்கினான். சுற்றி வந்தான். பாஸ்ஸுவின் பக்கக் கதவில் கம்பியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தான். கதவு திறந்தது. வழியை அடைத்துக்கொண்டு, தலை குனிந்தபடி சொன்னான்.

"டீக்கடையிலேர்ந்து வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்தேன் தம்பி. பெரிய வளைவுக்குக் கீழ ரோட்டு நடுவுல ஒருத்தன் நின்னான், தலைப்பாகை இல்லாம. அந்தத் துணி மிமூன் தலையில சுத்தியிருந்தது. மிமூன் அவன் முதுகுல இருந்தான். ரெண்டு கையாலயும் அவன் கழுத்தைக் கட்டிப் பிடிச்சிருந்தான். அப்ப உசிரு இருந்தது. உங்க அண்ணன் என் விளக்கைப் பார்த்து ஒத்தைக் கையைத் தூக்கி, நிறுத்தச் சொல்லிக் காட்டினான்."

சுவரின் மேல் ஒன்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

"நான் நிறுத்தலை."